ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வாரம் ஒரு செய்முறை வகுப்பு: அனுமதி முதல் ஒப்படைப்பு வரை

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் தனி ஆய்வகம் இருப்பது அரிது. பாடநூலில் செயல்பாடுகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. அவற்றைச் செய்து பார்க்க நேரமும் பொருளும் இன்னொரு கையும் ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அந்த இன்னொரு கையாக இருக்க விரும்பும் முன்னாள் மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். புதிதாக வருபவர்களுடன் வகுப்பில் உடன் நின்றும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது எதை முதலில் செய்வது என்பதில்தான்.

1. முதலில் பாடவேளையைக் கேளுங்கள், பொருள் பிறகு வரட்டும்

புதிதாக வருபவர்களில் பலர் முதல் நாளே கைநிறையப் பொருட்களோடு வருகிறார்கள். தலைமையாசிரியர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார், இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவார், உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டுவார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர்தான் பொறுப்பு. நான் பார்த்த ஒரு பள்ளியில், யாரோ அன்பளிப்பாகத் தந்த ரோபோ பெட்டி ஒன்று, உறை பிரிக்கப்படாமலேயே மூன்று தலைமையாசிரியர்களைக் கண்டிருந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வாரத்தில் ஒரு நாள், ஒரே வகுப்புக்கு, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள். ஒரு பாடவேளை போதாது. பொருட்களைப் பகிர்ந்து கொடுக்கவும் எண்ணித் திரும்ப வாங்கவும் மட்டுமே கால் மணி நேரம் போய்விடும், மீதியில் அவசரம்தான் மிஞ்சும். மூன்று வகுப்புகளையும் ஒரே ஆண்டில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரை முதலில் பார்ப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. அறிவியல் ஆசிரியரை முதலில் பாருங்கள், பிறகு அவரோடு சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். மேலிருந்து வந்தால், தன் வகுப்பைச் சோதிக்க வந்தவர் என்றே ஆசிரியர் உங்களை எண்ணுவார். அந்த எண்ணத்தைப் பின்னால் மாற்றுவது கடினம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் சேர்த்தே ஓர் ஆசிரியரைக் குறிப்பிடுகிறது. பல பள்ளிகளில் இரண்டும் ஒருவரிடமே இருப்பதால், அவர் மனம் வைத்தால் தொடர்ச்சியான இரண்டு பாடவேளைகளை அவரே ஒழுங்கு செய்துவிடுவார்.

அடுத்தது எழுத்து அனுமதி. வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தலைமையாசிரியர் வழியாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எத்தனை மாதம் என்பதோடு, கட்டணமோ நன்கொடையோ வாங்கப்படாது, பிள்ளைகளின் படங்கள் வெளியிடப்படாது, ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே வகுப்பு நடக்கும் என்ற மூன்றையும் எழுதுங்கள். உங்கள் அடையாள அட்டையின் நகலை இணையுங்கள். “வாய்மொழியாகச் சொன்னாலே போதும் சார்” என்று தலைமையாசிரியரே சொன்னாலும் கடிதத்தை விட வேண்டாம். அவர் அடுத்த ஆண்டு மாறுதலாகிப் போகக்கூடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் ஒன்றில் ஐந்து நிமிடம் பேச இடம் கேளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். வெள்ளிக்கிழமை சீருடையில் மஞ்சள் கறையோடு பிள்ளை வீட்டுக்கு வரும் என்பது அவர்களுக்கு முன்னமே தெரிந்திருப்பது நல்லது.

2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் செய்முறை அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் இதே 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் செய்முறைகளோடு வருகிறார்கள். உங்கள் பள்ளிக்கு அவர்கள் வரும் நாளையும் அங்கே ஏற்கெனவே செய்துகாட்டியதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு வாரம் கடைசி வரிசையில் உட்காருங்கள்

பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பேர் தயக்கமின்றி வாசிக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், தரையில் உட்காருகிறார்களா பெஞ்சிலா, மின்விசிறியை நிறுத்தினால் தாங்குமா என்பவையே உங்கள் வகுப்பை முடிவு செய்யும். மெழுகுவர்த்தி வைத்து ஒரு செய்முறையைத் திட்டமிட்டுவிட்டு, விசிறியை நிறுத்தியதும் நாற்பது பிள்ளைகள் வியர்வையில் நெளிவதை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆசிரியர் கேள்வி கேட்டதும் எந்த நான்கு பேர் பதில் சொல்கிறார்கள்? அந்த நான்கு பேரைத் தனித்தனிக் குழுக்களில் போட வேண்டியிருக்கும்.

3. பாடநூலிலிருந்தே பட்டியல் போடுங்கள்

வித்தியாசமாக எதையாவது செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குப் பாடத்தை முடிக்கும் பொறுப்பு இருக்கிறது. உங்கள் செய்முறை அந்த வாரப் பாடத்தோடு ஒட்டினால் உங்கள் வகுப்பு அவருக்கு உதவி, ஒட்டாவிட்டால் அது அவர் இழந்த இரண்டு பாடவேளை.

6-ம் வகுப்பை எடுத்துக்கொண்டால், முதல் பருவத்தில் அளவீடுகள், விசையும் இயக்கமும், இரண்டாம் பருவத்தில் வெப்பம், மின்னியல், காற்று, செல், மூன்றாம் பருவத்தில் காந்தவியல், நீர் என்று பாடங்கள் வருகின்றன. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், விடுமுறைகள், மழை நாட்கள், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாட்கள் எல்லாம் கழிந்தால் ஜூலை முதல் பிப்ரவரி வரை உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து வாரத்துக்கு மேல் இராது. பன்னிரண்டு செய்முறைகளுக்குத் திட்டமிடுங்கள். மூன்று வாரத்தை மிச்சமாக வைத்திருங்கள்.

தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. ஒவ்வொரு குழுவின் கையிலும் பொருள் இருக்க வேண்டும். விளைவு பதினைந்து நிமிடத்துக்குள் தெரிய வேண்டும். பிள்ளைகள் முன்கூட்டி ஊகிக்கக்கூடிய, அந்த ஊகம் தவறாகவும் போகக்கூடிய ஒரு கேள்வி அதில் இருக்க வேண்டும். எரிமலை மாதிரியில் சோடா உப்பும் வினிகரும் பொங்குவது மூன்றாவதில் தேறாது. அங்கே கைதட்டல் உண்டு, ஊகிக்க எதுவும் இல்லை.

எந்த நாளில் செய்வது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாத செய்முறை ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும்: நிழலில்லா நாள். தமிழ்நாட்டில் எங்கும் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது; அப்போது செங்குத்தாக நிற்கும் பொருளுக்குப் பக்கத்தில் நிழல் விழாது. ஏப்ரலில் வருவது தேர்வு நேரம்; ஆகஸ்டில் வருவது பள்ளிக்கு வசதி. சென்னையில் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும், திருச்சி, கோவை வட்டாரங்களில் 24-ஐ ஒட்டியும், மதுரையில் 27-ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் அது நிகழும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு சரியாக 12 மணிக்கு வெளியே போய், நிழலைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புவது. நம் கடிகாரம் இந்தியா முழுமைக்குமான நேரத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நாட்களில் ஏறக்குறைய 12.10-க்கும் 12.25-க்கும் இடையில்தான். மேகம் மறைக்கலாம் என்பதால் முந்தைய நாளும் மறுநாளும் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சாப்பாட்டு நேரமாகவும் இருக்கும் என்பதால் சத்துணவு அமைப்பாளரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். சோறு ஆறினால் அடுத்த ஆண்டு நிழல் பார்க்க விடமாட்டார்.

4. பெட்டியை ஊர்க் கடைகளிலேயே நிரப்புங்கள்

இணையத்தில் வாங்கும் தொகுப்பில் ஒரு பொருள் தொலைந்தால் அந்தச் செய்முறையே நின்றுபோகும். ஊர்க் கடையில் வாங்கினால் ஆசிரியரே வேறொன்று வாங்கிக்கொள்வார். நீங்கள் போன பிறகும் வகுப்பு தொடர வேண்டுமென்றால் இந்த ஒரு காரணமே போதும்.

சைக்கிள் கடையில் நட்டுகள். மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சமான செப்புக் கம்பி. மின்சாமான் கடையில் மெல்லிய வயர். மருந்துக் கடையில் போவிடோன் அயோடின் கரைசல். மளிகைக் கடையில் மஞ்சள் தூள், புளி, சோடா உப்பு, சுண்ணாம்பு. நூல்கண்டு, உப்புத்தாள், குண்டூசி, ஸ்ட்ரா, பலூன். பழைய தண்ணீர் பாட்டில்களைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். டார்ச்சுக்குப் போடும் சிறு குமிழ் பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எல்இடியைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும், அதன் சங்கடங்களை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு செய்முறைக்கும் தனிப்பையாகப் போடுங்கள். பையின்மேல் பொருட்களின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி ஒட்டுங்கள். எட்டுக் குழுக்களுக்குப் பத்துத் தொகுப்புகள் வேண்டும். இரண்டு உடையும் அல்லது வேலை செய்யாது.

5. முந்தைய மாலையில் அதே பொருளை வைத்துச் செய்து பாருங்கள்

படித்தவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். கல்லூரியில் செய்தது, தெரிந்ததுதானே என்று வந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மஞ்சள் தடவிய தாள் காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள் என்பதால் தொடங்குவதற்கு இது அருமையான செய்முறை. புதிதாக வந்த நண்பர் ஒருவர் சோப்பு நீர் என்றதும் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து வந்தார். எட்டுக் குழுவிலும் தாள் மஞ்சளாகவே இருந்தது. அத்தகைய திரவங்களில் பல ஏறக்குறைய நடுநிலையானவை. துணி துவைக்கும் பார் சோப்பைக் கரைத்திருந்தால் உடனே சிவந்திருக்கும். வீட்டில் ஒரு தாளை நனைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மஞ்சளுக்கு இன்னொரு குறையும் உண்டு: அது அமிலத்தைக் காட்டாது. புளித்தண்ணீரில் போட்டாலும் மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தையும் காட்ட வேண்டுமானால் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள். அந்த நீலம் எலுமிச்சைச் சாற்றில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், சோப்பு நீரில் பச்சையாகும். செம்பருத்தியும் நன்றாக வேலை செய்யும். பூவைப் பள்ளி வேலியிலிருந்து பிள்ளைகளே பறித்து வருவார்கள்.

ஒத்திகையின்போது கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறியுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது வகுப்பில் பதினைந்து நிமிடம் ஆகும்.

6. வகுப்பின் ஒழுங்கு: கேள்வி, ஊகம், செயல், அதன் பிறகே விளக்கம்

இதில் வரிசை மாறினால் செய்முறை வெறும் வேடிக்கையாகிவிடும். முதலில் விளக்கிவிட்டுச் செய்யச் சொன்னால், பிள்ளைகள் நீங்கள் சொன்ன விடையைத் தேடுவார்கள். கண்முன் வேறொன்று நடந்தாலும் நீங்கள் சொன்னதையே நோட்டில் எழுதுவார்கள். ஊகத்தை எழுதவைக்காமல் விட்டால், விடை தெரிந்ததும் “நான் அப்பவே நெனச்சேன் சார்” என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

அளவீடுகள் பாடத்துக்கு நான் எடுக்கும் ஊசல் வகுப்பை முழுமையாகச் சொல்கிறேன். நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆட்டிக் காட்டுகிறேன். “இதிலே இன்னும் ரெண்டு நட்டு சேத்துக் கட்டினா வேகமா ஆடுமா, மெதுவா ஆடுமா, அப்படியேதான் ஆடுமா?” என்று கேட்கிறேன். பதில் சொல்ல விடுவதில்லை. நோட்டில் எழுதிய பிறகு கை தூக்கச் சொல்லி மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதுகிறேன். கனமானது வேகமாக ஆடும் என்பதற்குத்தான் எப்போதும் அதிகக் கைகள் எழும். எழுதிய எண்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கடைசியில் அதற்குத்தான் வேலை.

பிறகு குழுக்கள் செய்கின்றன. பென்சிலைப் பெஞ்சின் விளிம்பில் நீட்டி வைத்து, அதன்மேல் நோட்டுகளை அடுக்கி, நுனியில் நூலைக் கட்டுகிறார்கள். நூல் கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர். பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அலைவு என்பது போய்த் திரும்புவது.

இந்த நீளத்துக்குப் பத்து அலைவுகள் ஏறக்குறைய 10 நொடி ஆக வேண்டும். நான் போன எந்தப் பள்ளியிலும் முதல் முயற்சியில் பாதிக் குழுக்கள் 9 நொடி என்றுதான் சொல்லியிருக்கின்றன. காரணம், நட்டை விட்ட அந்தக் கணத்திலேயே “ஒன்று” என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். “பத்து” என்னும்போது ஒன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். தவறு என்று அறிவிக்காதீர்கள். 9 வந்த ஒரு குழுவையும் 10 வந்த ஒரு குழுவையும் முன்னால் அழைத்து, ஒரே ஊசலை இருவரும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை ஒன்று முன்னால் போவது எல்லோருக்கும் கேட்கும். “டீச்சர், அவன் விடும்போதே ஒண்ணு சொல்லிட்டான்” என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். விடும்போது “பூஜ்யம்” என்று சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வகுப்பே வந்து சேரும். அளவீட்டுப் பிழை என்ற பாடம் அங்கே நடந்து முடிந்துவிடுகிறது.

அடுத்து மூன்று நட்டுகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் ஊசலின் நீளம் கூடிவிடும், நேரமும் கூடும், கனத்தால்தான் அப்படி ஆயிற்று என்று வகுப்பு முடிவு கட்டிவிடும். மூன்றையும் ஒரே இடத்தில் கொத்தாகக் கட்டவையுங்கள். நேரம் மாறாது. கரும்பலகையில் உள்ள எண்களைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதியை உடைக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. அடுத்த கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். கனம் இல்லையென்றால் எது மாற்றும்? நூலை 1 மீட்டராக்கினால் பத்து அலைவுகள் 20 நொடி ஆகும். நான்கு மடங்கு நீளத்துக்கு நேரம் இரண்டு மடங்குதான் ஆனது என்பதை யாராவது கவனித்துக் கேட்டால் அது உங்கள் நல்ல நாள். விடையை 6-ம் வகுப்புப் பிள்ளையிடம் சூத்திரமாகக் கொட்ட வேண்டாம். 50 சென்டிமீட்டருக்கும் 75-க்கும் அளந்து பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. என்ன நினைத்தேன், என்ன செய்தேன், என்ன கண்டேன் என்ற மூன்று வரிகள் போதும். நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம் இருக்கும்.

7. மின்னியல்: பொறுமை சோதிக்கப்படும் இடம்

பொருள் வேலை செய்யாமல் போவது இந்தப் பாடத்தில்தான் அதிகம். ஆகவே இதை முதல் மாதத்தில் எடுக்காதீர்கள். வேலை செய்யாததற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியில் எல்இடி எரியாது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டும் வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட்டும் வேண்டும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைக்க வேண்டும். எல்இடியை மாற்றிப் போட்டாலும் எரியாது. நீளமான கால்தான் நேர்முனை. பழைய பல்புக்கு இந்தத் திசைக் கட்டுப்பாடு இல்லை, பாடநூலின் படத்திலும் பல்புதான் இருக்கும், ஆகையால் பிள்ளைகள் குழம்புவது இயல்பு. திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், காரணத்தை அதன் பிறகு பேசுங்கள். 9 வோல்ட் பேட்டரியை வகுப்புக்குள் கொண்டுவரவே வேண்டாம். மின்தடை இல்லாமல் நேராக இணைத்த எல்இடி கருகிவிடும், எட்டுக் குழுவில் ஒரு குழுவாவது நேராக இணைக்கும்.

வைண்டிங் கடைக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் பூச்சு உண்டு. இரு முனைகளிலும் உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்காவிட்டால் மின்சாரம் பாயாது. ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்யும் வகுப்பு பெரும்பாலும் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் தேய்க்காத கம்பியைக் கொடுத்து, ஏன் வேலை செய்யவில்லை என்று மற்ற குழுக்களைத் தேடச் சொல்வதும் உண்டு. மின்காந்தத்தைச் சில நொடிகளுக்கு மேல் இணைத்து வைத்தால் கம்பி சூடாகும், பேட்டரியும் தீரும். சாதாரண இரும்பு ஆணியையே பயன்படுத்துங்கள். கடினமான கான்கிரீட் ஆணி இணைப்பை எடுத்த பிறகும் காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொண்டு குண்டூசிகளை விடாது; மின்சாரம் நின்றால் காந்தமும் போய்விடும் என்று நீங்கள் காட்ட வந்தது அங்கே பொய்யாகிவிடும்.

8. குழுவில் யார் கையில் கம்பி இருக்கிறது?

குழுவுக்கு நான்கு பேர். ஐந்தாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். பிரித்துவிட்டுச் சும்மா விட்டால், பத்து நிமிடத்தில் பொருள் முழுவதும் பையன்கள் கையிலும் நோட்டு முழுவதும் பெண்பிள்ளைகள் கையிலும் இருக்கும். யாரும் சொல்லித்தந்து நடப்பதில்லை. எழுத்து அழகாக இருக்கும் என்று பெண்பிள்ளைகளிடம் நோட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

செய்பவர், அளப்பவர், எழுதுபவர், சொல்பவர் என்று நான்கு வேலைகளை அட்டையில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள். தமிழை எழுதத் திணறும் பிள்ளைக்கும் ‘எழுதுபவர்’ முறை வரட்டும்; வார்த்தைகள் வராத இடத்தில் படம் வரையச் சொல்லுங்கள்.

9. தவறான விளக்கம் ஒட்டிக்கொண்ட செய்முறைகள்

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது தீர்ந்ததால் அதே அளவு தண்ணீர் ஏறியது என்று சொல்லித்தருவது பரவலான வழக்கம். அந்த விளக்கம் சரியல்ல. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட, அணைந்த பிறகு உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குவதும், அதனால் வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுவதுமே முதன்மைக் காரணம்.

இதை விட்டுவிட வேண்டாம்; பழைய விளக்கத்தையே சோதனைக்கு உள்ளாக்குங்கள். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வையுங்கள். டம்ளரில் உள்ள ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் கூடுதலாக ஏறும். தண்ணீர் வேகமாக ஏறுவது சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா என்றும் கவனிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பல ஆண்டுகளாகப் பழைய விளக்கத்தைச் சொல்லிவந்திருக்கலாம் என்பதால், இதை வகுப்புக்கு முன் அவரோடு தனியாகச் செய்து பாருங்கள். பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தினால் மறுவாரம் உங்களுக்குப் பாடவேளை இருக்காது, இருக்கவும் கூடாது.

10. பாதுகாப்பு: தளராமல் கடைப்பிடிக்க வேண்டியவை

சுவரில் உள்ள மின் இணைப்பைச் செய்முறைக்குப் பயன்படுத்தாதீர்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை எந்தக் காரணத்துக்கும் கொண்டுவராதீர்கள். எலுமிச்சையும் புளியும் போதும். நெருப்பு இருந்தால் பெரியவர் கையில் மட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். குவிலென்சு உள்ள நாளில் எத்தனை கொடுத்தோம் என்று எண்ணி, அத்தனையும் திரும்பிய பிறகே வெளியே விடுங்கள். சுவைத்துப் பார்ப்பது கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள், பொருள் சர்க்கரையாகவே இருந்தாலும்.

எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்க வேண்டாம். தனியாக வீட்டுக்கு அழைக்கவோ தொலைபேசியில் பேசவோ வேண்டாம். ஒரு பிள்ளை தன் வீட்டுத் துன்பம் எதையாவது உங்களிடம் சொன்னால், நீங்களே விசாரிக்கப் புகாமல் அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

11. கணினி எங்கே வருகிறது

ஆசிரியரும் பிள்ளைகளும் உங்கள் ஒழுங்குக்குப் பழகிய பிறகுதான். நடுநிலைப் பள்ளிகளில் இப்போது திரையும் கணினியும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இணைய வேகத்தையும் மின்சாரத்தையும் நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். காட்ட வேண்டியதை முன்னமே பதிவிறக்கி வையுங்கள்.

கணினி இல்லாமலே தொடங்கலாம். தரையில் கட்டம் போட்டு, ஒரு பிள்ளையை இயந்திரமாக நிறுத்தி, ‘முன்னே ஒன்று’, ‘வலப்புறம் திரும்பு’ என்ற இரண்டு கட்டளைகளை மட்டும் வைத்து வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கட்டளையை எழுதிய குழு தன் தவறைத் தானே கண்டுபிடிப்பதைப் பார்ப்பீர்கள். இயக்கி, உணரி (சென்சார்) எல்லாம் உள்ள மின்னணுப் பலகைகளை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு வயர் கழன்றால் காரணத்தைத் தேட உங்களைத் தவிர ஆளிருக்காது.

12. போட்டிகள்

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு 6-ம் வகுப்பு முதலே பள்ளி வழியாக மாணவர்களின் புதுக் கருத்துகளைப் பதிவு செய்யலாம். தேர்வானால் 10,000 ரூபாய் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே கருத்தைத் தேடும் முன் பிள்ளையின் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதினருக்கானது. உள்ளூர்ச் சிக்கல் ஒன்றைப் பிள்ளைகளே ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். இரண்டுக்கும் பெரியவர்கள் செய்துகொடுத்த அட்டை மாதிரிகள் ஏராளமாகப் போகின்றன. உங்கள் வகுப்பில் யாரோ கேட்டு விடை கிடைக்காமல் போன கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அதற்காகவே அத்தகைய கேள்விகளை ஆண்டு முழுவதும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

13. ஒப்படைப்பு

முதல் நான்கு வகுப்புகளை நீங்கள் நடத்துங்கள், ஆசிரியர் உடனிருக்கட்டும். அடுத்த நான்கில் கேள்வி கேட்பதும் விளக்கத்தை முடித்துவைப்பதும் அவருடையதாகட்டும். பொருளும் குழுக்களும் உங்கள் பொறுப்பு. கடைசி நான்கில் வகுப்பு அவருடையது, பையை நீட்டுவது மட்டும் உங்கள் வேலை. பிள்ளைகள் உங்களை மொய்ப்பது இனிமையாகத்தான் இருக்கும். அந்த இனிமையில் இந்தப் படியை ஒத்திப்போடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் வராத வாரம் வகுப்பும் இல்லை.

பெட்டியை இப்போது பள்ளிக்குக் கொடுக்கலாம். ஆசிரியரின் கையால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்ந்துபோகும் பொருட்களையும் தங்கும் பொருட்களையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள், தீர்ந்த மஞ்சள் தூளுக்கும் அறுந்த நூலுக்கும் யாரும் கணக்குக் கேட்காதிருக்க அது உதவும். எந்தக் கடையில் எது கிடைக்கும் என்ற தாளைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். கோடை விடுமுறைக்கு முன் எல்லாப் பேட்டரிகளையும் கழற்றித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் உள்ளேயே கிடந்தால் அவை கசிந்து இணைப்பு முனைகளை அரித்துவிடும்.